இரைச்சல் எங்கேயிருந்து வருகிறது? கசற்றையும் றெக்கோட்டையும் கொம்பியூட்டரில் ஏற்றுகிறவர்களுக்கு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா விட்டுப்போன நூறு கசற்களும் ஒரு பெட்டி றெக்கோட்டும் வீட்டில் இருக்கின்றன. கசற்களில் பாதி இலங்கை வானொலியிலிருந்து பிடித்த பாட்டுகள், மீதி வீட்டு விசேஷங்களில் பதிந்தவை. அப்பாவின் கசற் டெக்கையும், கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த பழைய றெக்கோட் பிளேயரையும் லெப்டொப்பில் பூட்டி, ஓடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பதியப் பார்க்கிறார். தொல்லை நாலு. சத்தம் ஒரு காதில் மட்டும் கேட்கிறது, அதுவும் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி. அடியில் ஓயாமல் ஒரு 'ம்ம்ம்'. சில நிமிடத்துக்கு ஒருக்கால் பாட்டு ஒரு துள்ளுத் துள்ளுகிறது. றெக்கோட்டில் பாடுகிறவர் எல்லோரும் நித்திரைத் தூக்கத்தில் பாடுகிற மாதிரி இழுக்கிறார்கள். "லெப்டொப் எட்டு வருசப் பழசு, புதுசு வாங்கவா அண்ணை?" என்று முடித்திருக்கிறார்.

வாங்க வேண்டாம், தம்பி. சீடி தரத்தில் பதிவது என்றால் செக்கனுக்கு 1,76,400 பைட். அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட். எட்டு வருசம் பழைய லெப்டொப்புக்கு இது ஒரு வேலையே இல்லை. யூரியூப்பில் ஒரு வீடியோ பார்க்கும்போது அது இதைவிட எத்தனையோ மடங்கு பாடுபடுகிறது. அறுபது நிமிடக் கசற் நூறைப் பதிந்தாலும் 60 கிகாபைட் அளவில் அடங்கிவிடும். உங்கள் நாலு பிரச்சினையில் உண்மையாகக் கொம்பியூட்டருக்குள் இருப்பது ஒன்றுதான். மற்ற மூன்றும் வயரிலும் பிளக்கிலும் மோட்டரிலும் இருக்கின்றன.

தொடங்குமுன் ஒன்று சொல்கிறேன். பரிசோதனைக்கு அப்பாவின் கசற்றைப் போடாதீர்கள். பழைய ரேப் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் உதிரும். சிலது ஒரே ஒரு தடவைதான் ஒழுங்காக ஓடித் தரும். அந்த ஒரு தடவையில் லெப்டொப் துள்ளினால் யாரை நொந்து என்ன பயன்? வீட்டில் ஒன்றுக்கும் உதவாத கசற் ஒன்று கட்டாயம் இருக்கும், ஆங்கிலம் பேசப் பழகுங்கள் வகையறா. கொம்பியூட்டர் பக்கம் எல்லாம் சரிவரும்வரை அதைத்தான் ஓட்ட வேண்டும்.

முதல் தொல்லைக்கு வருவோம். பதிவு பட்டனை அழுத்திவிட்டு, கசற்றை ஓடவிடாமல், லெப்டொப்பின் கமராவுக்குப் பக்கத்தில் நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். திரையில் அலை துள்ளினால் கதை முடிந்தது: நீங்கள் இவ்வளவு நாளும் பதிந்தது வயரில் வருகிற சத்தத்தை அல்ல, லெப்டொப்பின் உள்மைக் உங்கள் அறையில் கேட்டதை. 'கிணற்றுக்குள்' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தவுடன் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. பதிவைப் பெரிதாக்கிக் கேட்டுப் பாருங்கள், பின்னால் காகமும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் கேட்டாலும் கேட்கும்.

இது ஏன் நடக்கிறது? இப்போதைய லெப்டொப்பில் இருக்கிற ஒற்றை ஓட்டை ஹெட்செற்றுக்கானது. கேட்பதற்கு இரண்டு காதும், பேசுவதற்கு ஒரு மைக்கும் அதற்குள் அடக்கம். டெக்கின் சிவப்பு வெள்ளை வயரைச் சாதாரண ஸ்டீரியோ முனையில் முடித்து அதில் செருகினால், லெப்டொப் அதை ஹெட்ஃபோன் என்று நினைத்துக்கொண்டு உள்மைக்கையே பிடித்துக்கொள்ளும். அடாப்டர் போட்டு மைக் பக்கம் கொண்டுபோனாலும் அங்கே ஒரு காதுக்குத்தான் இடம். அதோடு மைக் வழி மில்லிவோல்ட் கணக்கில் வருகிற மெல்லிய சத்தத்துக்காகச் செய்தது. டெக் தருவது அதைவிடப் பல மடங்கு பெரியது. குழாயைத் திறந்து தீக்குச்சிப் பெட்டியில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி.

ஆகவே செலவு செய்யத்தான் வேண்டும், ஆனால் லெப்டொப்புக்கு அல்ல. யூஎஸ்பியில் பூட்டுகிற, ஓடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று வாங்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ கேட்கும்போது, 'சவுண்ட் கார்ட்' என்று மட்டும் சொன்னால் பென்டிரைவ் அளவில் பச்சையும் ரோசாவும் ஓட்டை உள்ள ஒன்றை எடுத்துத் தருவார்கள். அது வேண்டாம். அந்த ரோசா ஓட்டையும் பெரும்பாலும் ஒற்றைக் காது மைக்தான். சிவப்பு வெள்ளை வயர் இரண்டும் நேரே போகிற 'லைன் இன்' இருக்கிறதா என்று கேளுங்கள். றெக்கோட்டும் இருப்பதால் ஃபோனோ (றெக்கோட்டுக்கு), லைன் (கசற்றுக்கு) என்று சுவிட்ச் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. பெரிங்கர் யூஎஃப்ஓ202 அந்த வகை. அது 16 பிட் நுணுக்கத்தில், செக்கனுக்கு 48,000 தடவை (48 கிலோஹெர்ட்ஸ்) வரைதான் சத்தத்தை அளக்கும். அதை வைத்துக்கொண்டு ஓடாசிட்டியில் 96 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டால் கோப்புத்தான் பெருக்குமே தவிர, பாட்டில் ஒன்றும் கூடாது. கசற்றுக்கு 16 பிட்டே தாராளம். கசற்றின் சொந்த இரைச்சல் அதைவிட உயரத்தில் நிற்கிறது.

புதிய பெட்டியைப் பூட்டின பிறகும் வின்டோஸ் இரண்டு இடத்தில் காலை வாரும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்பதற்குள் மைக்ரோஃபோன் என்று ஒன்று இருக்கிறது. அது மூடியிருந்தால் ஓடாசிட்டி நேர்கோடுதான் வரையும், அல்லது சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று சொல்லும். லைன் இன் மைக் அல்லவே என்று நீங்கள் நினைக்கலாம். வின்டோஸுக்கு உள்ளே வருகிற சத்தம் எல்லாமே மைக்தான். அடுத்தது, சவுண்ட் கன்ட்ரோல் பனலில் அந்தச் சாதனத்தின் புரொப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. அங்கே '1 சனல்' என்று கிடந்தால் '2 சனல்' ஆக்குங்கள். ஓடாசிட்டியிலும் அதேபோல் ஸ்டீரியோவைத் தெரிவு செய்யுங்கள். அந்தப் பக்கத்திலேயே 'ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒன்று இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது வீடியோ கோலில் பேசுகிறவரின் குரலைத் தெளிவாக்கச் செய்தது. பாட்டை விட்டால் தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும்.

சிலவேளை இரண்டு காதிலும் சத்தம் வரும், ஆனால் இரண்டும் ஒரே சத்தமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, ஸ்டீரியோத் தடத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை 'இன்வெர்ட்' (தலைகீழ்) செய்து, இரண்டையும் மோனோவாகக் கலவுங்கள். முழு மௌனம் வந்தால் இரண்டும் ஒன்றுதான், எங்கேயோ ஒரு சனல் வழியில் விழுந்துவிட்டது.

இனி அந்த 'ம்ம்ம்'. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போனது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த இருட்டில் வேறு வேலை இல்லாமல், பற்றரியில் ஓடுகிற வோக்மன் ஒன்றையும் பற்றரியில் கிடந்த லெப்டொப்பையும் பூட்டிச் சில கசற்களைப் பதிந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான பதிவு வேறு இல்லை. கரண்ட் வந்ததும் அதே கசற், அதே வயர், 'ம்ம்ம்' திரும்பி வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு வடிவாக விளங்கியது: இரைச்சல் கசற்றில் இல்லை, சுவரில் இருக்கிறது.

உங்களுக்கும் அதே சோதனைதான். ஓடாமல் நிற்கிற டெக்கை அப்படியே பதிந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் லெப்டொப் சார்ஜர். கழற்றினவுடன் இரைச்சல் நின்றால், சார்ஜரின் ஏர்த்தும் டெக்கின் ஏர்த்தும் வேறு வேறு வழியில் சுவருக்குப் போய் ஒரு வளையம் போட்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே மல்ட்டிபிளக்கில் செருகிப் பாருங்கள், அல்லது சார்ஜர் இல்லாமல் பதியுங்கள். நிற்காவிட்டால் ஃபானை நிறுத்துங்கள். சுழல்வதை மெதுவாக்குகிற மின்னணு ரெகுலேற்றர் பாதி வேகத்தில் இருக்கும்போது ஒரு கரகரத்த 'ர்ர்ர்' போடும். முழு வேகத்தில் வைத்தால் குறையும். ஃபான் இல்லாமல் வெள்ளவத்தையில் எப்படி உட்காருவது என்று கேட்பீர்கள். நான் பதிவை ஓடவிட்டுவிட்டு வெளி விறாந்தைக்குப் போய்விடுவேன். ஃபோனையும் எட்ட வையுங்கள். 'டிக் டிக் டிர்ர்' என்று வருவது அதுதான்.

றெக்கோட் பிளேயரில் மட்டும் 'ம்ம்ம்' என்றால், சிவப்பு வெள்ளை வயரோடு கூட ஒரு மெல்லிய தனி வயர் வரும், நுனியில் கவர் மாதிரி ஒரு தகடு. பெரும்பாலானோர் அது என்னவென்று தெரியாமல் தொங்க விடுவார்கள். அதை இன்டர்ஃபேஸில் 'ஜீஎன்டி' என்று எழுதிய ஸ்குரூவில் இறுக்குங்கள். அரைவாசிப் பேருக்குப் பிரச்சினை அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இரைச்சல் போகும் என்று யாராவது சொல்வதைக் கேட்டுப் பிளக்கின் ஏர்த் முள்ளை வெட்டாதீர்கள். இங்கே வட்டமுள், சதுரமுள் என்று இரண்டு வகையும் கலந்து கிடப்பதால் எல்லோர் வீட்டிலும் அடாப்டர் மேல் அடாப்டர். அதில் ஏர்த் எங்கேயோ ஏற்கெனவே அறுந்திருக்கும். 230 வோல்ட்டோடு பரீட்சை வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் குறிப்புகளைப் பார்த்து 60 ஹெர்ட்ஸில் வடிகட்டி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஓடாசிட்டியில் அனலைஸ், பிளொட் ஸ்பெக்ட்ரம் என்று போய்ப் பாருங்கள். 50இல் ஒரு கூம்பு எழும்பி நின்றால் ஏர்த் வயரையும் வயர் போகும் வழியையும் பாருங்கள். 100இல் எழும்பினால் டெக்கின் உள்ளே இருக்கிற பவர் பகுதி கிழடு தட்டியிருக்கலாம், அதை றேடியோ திருத்துகிறவரிடம் கொடுக்க வேண்டும். கூம்பே இல்லாமல் பரவலாக 'ஸ்ஸ்ஸ்' என்றால் அது ரேப்பின் சொந்த மூச்சு. அதோடு வாழப் பழகலாம்.

இதில் நான் அவமானப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில் குடியிருந்தபோது, எல்பி றெக்கோட் ஒன்றைப் பதியப் பதிய இடைக்கிடை அலைப்படம் பாம்பு நெளிகிற மாதிரி மேலும் கீழும் வளைந்தது. காதுக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை, ஆனால் ஸ்பீக்கர் கூம்பு உள்ளே வெளியே என்று மூச்சு வாங்கியது. டிரைவர் கழற்றிப் போட்டேன். வேறு யூஎஸ்பி ஓட்டைக்கு மாற்றினேன். வைரஸ் என்றுகூட நினைத்தேன். இரண்டு மாலை போனது. மூன்றாம் நாள் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா, "ரெயின் போகேக்கை ஏன் உது ஆடுது?" என்று கேட்டா. மரைன் டிரைவ் ஓரம் கரையோர ரயில் போகிற ஒவ்வொரு தடவையும் நிலம் அதிர்ந்து, அலுமாரி அதிர்ந்து, ஊசி அதிர்ந்திருக்கிறது. ஊசிக்குப் பாட்டு எது ரயில் எது என்று தெரியாதே. பிளேயரை அந்த அலுமாரியிலிருந்து இறக்கி, ஒரு சீமெந்துக் கல்லில் வைத்து, கல்லுக்குக் கீழே பழைய சைக்கிள் ரியூப்பை மடித்துப் போட்டேன். மிச்சத்தை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற ஹைபாஸ் வடிகட்டி பார்த்துக்கொண்டது. நீங்களும் வெள்ளவத்தை என்றபடியால் சொல்கிறேன்.

மூன்றாவது, துள்ளல். இதுதான் உண்மையான கொம்பியூட்டர் வியாதி. ஆனால் முதலில் அது கொம்பியூட்டர்தானா என்று உறுதி செய்ய வேண்டும். அந்தப் பழைய கசற்றையே இரண்டு தடவை பதியுங்கள். இரண்டு தடவையும் அதே சொல்லில் அதே இடத்தில் சத்தம் தேய்ந்து போனால் பழுது ரேப்பில். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் வெட்டினால் பழுது கொம்பியூட்டரில். பார்வைக்கும் வித்தியாசம் உண்டு. ரேப் பழுதானால் அலை மெலிந்து திரும்பப் பெருக்கும். கொம்பியூட்டர் விட்டால் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு துண்டே காணாமற் போய், இரண்டு முனையும் பொருந்தாமல் ஒட்டியிருக்கும். தாளம் போடுகிறவருக்கு உடனே தெரியும், ஒரு அட்சரம் குறையும்.

இன்னும் நல்ல சோதனை ஒன்று: ஃபோனில் 440 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரம் ஓடவிட்டு, அதே வயர் வழியாக முக்கால் மணித்தியாலம் பதியுங்கள். பிறகு தடத்தின் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றுங்கள். கிடையாக ஒரு கோடு போகும். எங்கெல்லாம் துள்ளியதோ அங்கெல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரு செங்குத்துக் கீறல் நிற்கும். காது வலிக்கக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, கண்ணால் எண்ணலாம். ஒரு மாற்றம் செய்யுங்கள், திரும்பப் பதியுங்கள், கீறலை எண்ணுங்கள். ஒரேயடியாகப் பத்தை மாற்றினால் எது திருத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

என் அனுபவத்தில் முதல் குற்றவாளி யூஎஸ்பி ஹப். இன்டர்ஃபேஸை லெப்டொப்பின் சொந்த ஓட்டையில் நேரே பூட்டுங்கள், பக்கத்து ஓட்டையில் மவுஸ் தவிர வேறொன்றும் வேண்டாம். இரண்டாவது, மின்சாரம் மிச்சம் பிடிக்கிற புத்தி. பவர் ஒப்ஷன்ஸில் யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பென்ட் என்பதை நிறுத்துங்கள், பவர் மோடை உச்சத்தில் வையுங்கள், தூங்கப் போகிற நேரத்தை 'ஒருபோதும் இல்லை' என்று வையுங்கள். சார்ஜர் கழற்றிப் பதியும்போது இது இன்னும் முக்கியம், பற்றரி என்று கண்டவுடன் வின்டோஸ் வேகத்தைக் குறைத்துவிடும். மூன்றாவது, நீங்கள் பதிந்துகொண்டிருக்கும் கோப்பையே வன்ட்ரைவ் மாதிரியான சேவை ஏதாவது மேகத்துக்கு ஏற்றப் பார்ப்பது. பதிவுக்கென்று சி டிரைவில் தனிக் கோப்புறை வைத்து, அதை அந்தச் சேவைக்கும் வைரஸ் காவலுக்கும் எட்டாமல் விலக்கிவிடுங்கள். பென்டிரைவில் நேரே பதியாதீர்கள். அது மெதுவானது மட்டுமல்ல, பழைய ஃபற்32 வகையில் 4 கிகாபைட்டுக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது. பிறகு வைஃபையை நிறுத்துங்கள். சில லெப்டொப்பில் வைஃபை டிரைவர் ஒரு கணம் மூச்சுப் பிடிக்கும்போது சத்தம் காத்திருக்கத் தெரியாமல் விழுந்துவிடும். கடைசியாக ஓடாசிட்டியின் ஓடியோ செட்டிங்ஸில் பஃபரை, அதாவது சத்தத்தைச் சற்றுத் தேக்கி வைக்கிற இடத்தை, 100 மில்லிசெக்கனிலிருந்து 200, 300 என்று கூட்டுங்கள். பாட்டைப் பதிகிறவருக்குத் தாமதம் ஒரு பொருட்டல்ல. பிரிஃபரன்ஸஸில் 'ரெக்கோடிங்' பகுதியில் 'டிரொப்அவுட்' (சத்தம் விழுவது) கண்டுபிடிக்கிற ஒரு பெட்டி இருக்கிறது, அதில் சரி போட்டு வைத்தால் சத்தம் விழுந்த இடத்தில் அதுவே அடையாளம் இட்டுச் சொல்லும்.

நாலாவது, நித்திரைத் தூக்கப் பாட்டு. 'கனடா' என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. பிளேயரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். மாமா கூடவே ஒரு டிரான்ஸ்ஃபோமரும் தந்திருப்பார், இல்லாவிட்டால் இதற்குள் புகை வந்திருக்கும். அந்த டிரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய பிளேயர்களின் மோட்டர் கரண்டின் துடிப்பை எண்ணித்தான் சுற்றும். அங்கே 60 துடிப்பு, இங்கே 50. ஆறில் ஐந்து பங்கு வேகம். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றுகிறது. ஐந்து கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். சாம்பிள் ரேட்டை (அந்தக் கிலோஹெர்ட்ஸ் கணக்கை) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். பாவம், அதன் மேல் பிழை இல்லை.

பதிந்த பிறகு எஃபெக்டில் 'சேஞ்ச் ஸ்பீட்' எடுத்து 20 சதவீதம் கூட்டுங்கள், சரியாக வந்துவிடும். தாளத்தை மட்டும் மாற்றுகிற 'டெம்போ'வையோ சுருதியை மட்டும் மாற்றுகிற 'பிட்ச்'சையோ தொடக்கூடாது, இரண்டும் சேர்ந்து நகர வேண்டும். துடிப்பில்லாத மின்சாரத்தில் ஓடுகிற டீசி மோட்டர் உள்ள பிளேயருக்கு இந்த வியாதி கிடையாது, அடுத்தமுறை வாங்கினால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்றுகிற பழைய றெக்கோட்டுகள் பெட்டியில் இருந்தால், பிளேயரில் 78 இல்லாவிட்டாலும் 45இல் ஓட்டிப் பதிந்து 73.33 சதவீதம் வேகம் கூட்டலாம். ஆனால் ஊசி வேறு வேண்டும். எல்பி ஊசியின் முனை அந்த அகலமான பள்ளத்தின் அடியில் உருண்டு குப்பையைத்தான் வாசிக்கும். இன்னொன்று, 78ஐ அல்ககோல் போட்டுத் துடைக்கவே கூடாது. அது அரக்கு, கரைந்து வந்துவிடும்.

கசற் வேகத்துக்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. டெக்கின் ரப்பர் பெல்ட் இழுபட்டால் வேகம் மாறும், எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பா வீட்டுக் கரண்டில் றேடியோவிலிருந்து பதிந்த கசற்றில், அந்தக் காலத்து 50 ஹெர்ட்ஸ் முனகலும் சேர்ந்தே பதிந்திருக்கும். பாட்டுக்கு நடுவில் மௌனமான இடத்தைத் தெரிவு செய்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். கூம்பு 52இல் நின்றால் இன்றைக்கு டெக் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. நாம் விரட்டித் திரிகிற அதே இரைச்சல் இங்கே சுருதிப்பெட்டி மாதிரி உதவுகிறது. இன்றைய வயரின் முனகலும் 50இல் நிற்கும், அதை முதலில் ஒழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இனி வரப்போவது: சத்தம் கிழிவது. பதியும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். அலையின் தலை மொட்டை அடித்தது போல் தட்டையாக இருந்தால் போனது போனதுதான். அந்தத் தட்டை உச்சிக் கோட்டில் இல்லாமல் பாதி உயரத்திலேயே இருக்கிறதா? அப்படியென்றால் சத்தம் கொம்பியூட்டருக்கு வருமுன்னே கிழிந்துவிட்டது. ஓடாசிட்டியில் குறைத்துப் பிரயோசனம் இல்லை, கிழிந்ததைச் சிறிதாக்குவீர்கள், அவ்வளவுதான். றெக்கோட் மெலிதாக, தகரத்தில் தட்டுகிற மாதிரி கேட்டால் சுவிட்ச் லைனில் இருக்கிறது, ஃபோனோவுக்குத் தள்ளுங்கள். றெக்கோட்டில் அடிச்சுரத்தைக் குறைத்து மேல்சுரத்தைக் கூட்டித்தான் வெட்டியிருப்பார்கள், அதை நேராக்கிற வேலை ஃபோனோ வழியில்தான் நடக்கும். மாறாக 'கும்கும்' என்று குடத்துக்குள் பாடினால் அந்த வேலை இரண்டு தடவை நடக்கிறது: பிளேயரிலும் ஒரு சுவிட்ச் இருக்கும், ஒன்றை மாற்றுங்கள்.

இரண்டாம் பக்கம் பதியும்போது முதற்பக்கப் பாட்டும் பின்னால் கேட்டால் பேயொன்றும் இல்லை. புதிய தடம் பதியும்போது பழைய தடத்தையும் ஓடவிடுகிற வழக்கம் ஓடாசிட்டிக்கு உண்டு. டிரான்ஸ்போட் ஒப்ஷன்ஸில் அதை நிறுத்தலாம். நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுக் கோப்பே திறந்துவிடுவேன்.

சுத்தம் செய்வதைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பத்தின் கல்யாணக் கசற், நாதஸ்வரமும் தவிலும். இரைச்சல் நீக்கியை 24 டெசிபலில் போட்டு, தட்டுச் சத்தம் நீக்கியையும் கூடப் போட்டுப் பளிச்சென்று கொடுத்தேன், பெருமையாகத்தான். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "தாளம் எங்கை?" என்றார். உண்மைதான். தாளத்தின் அந்த 'ஜிங்' கசற் இரைச்சல் இருக்கிற உயரத்திலேயே இருப்பது, இரைச்சலோடு அதுவும் போய்விட்டது. தவிலின் அடியைக் கீறல் என்று நினைத்துத் தட்டுச் சத்தம் நீக்கி மழுக்கிவிட்டது. நாதஸ்வரத்தின் கூர்மையான தொனியையும் அங்கங்கே சொறிந்து வைத்திருந்தது. மூலத்தை அழிக்காமல் வைத்திருந்தபடியால் தப்பினேன். இப்போது நான் 6 டெசிபலுக்கு மேல் போவது அபூர்வம். றெக்கோட்டின் பெரிய 'டிக்'குகளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவேன், நேரம் போகும், போகட்டும்.

பெட்டியைத் திறந்தவுடன் கசற்றின் சின்னக் கண்ணாடி வழியே ரேப் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். கடற்கரைக் காற்றில் இது சாதாரணம். அதை டெக்கில் போட்டால் அடுத்த கசற்றுக்கும் தொற்றும், அவற்றை வேறாக எடுத்து வையுங்கள். மற்றவற்றை ஒருதடவை முன்னும் பின்னும் ஓடவிட்டுச் சுருளைத் தளர்த்துங்கள். டெக்கின் தலையை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள், பஞ்சு மண்ணிறமாக வந்தால் திரும்பவும். அப்படியும் பாட்டு மந்தமாக இருந்தால், தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். ஓடவிட்டபடியே அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 'ச', 'ஸ' எழுத்துகள் எங்கே தெளிவாக வருகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். மென்பொருளில் எத்தனை வடிகட்டி போட்டாலும் இந்த ஒரு ஸ்குரூ தருகிற தெளிவு வராது.

பதிந்ததை வேவ் ஆகவோ, இடத்தைப் பாதியளவு மிச்சம் பிடிக்கிற ஃப்ளாக் ஆகவோ வைத்துக்கொள்ளுங்கள். எம்பி3 உறவினருக்கு அனுப்ப மட்டும். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழ்ப் பெயரை உள்ளே டைட்டில் பகுதியில் போடலாம். காரில் உள்ள பழைய பிளேயர்கள் தமிழைக் கண்டால் கட்டம் கட்டமாகக் காட்டும். இரண்டாம் பிரதி ஒன்று லெப்டொப்புக்கு வெளியே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தும் ஏதாவது அடம்பிடித்தால், அலைப்படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அந்த இடத்தில் பத்துச் செக்கனை வேவ் கோப்பாக வெட்டி அனுப்புங்கள். போனமுறை செய்தது போல வாட்ஸ்அப் குரல் செய்தியாக, ஸ்பீக்கருக்கு முன்னால் ஃபோனைப் பிடித்து மட்டும் அனுப்ப வேண்டாம் தம்பி. அதில் எனக்குக் கேட்டது உங்கள் வீட்டு ஃபான்தான்.